சேர்மன் விலக ஒரு திட்டம்

யூஜினியா என்ன வேலை பார்க்கிறாள் என்பதைக் காரைக்குடியில் ஒருவருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. சென்னையில் இருந்தவரை அந்தத் தொல்லை இல்லை. 'கன்சல்டன்ட்' என்று சொன்னால் அங்கே தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து செருப்பு மாட்டுகிற நேரத்தில் யாராவது பிடித்துக்கொண்டால், விளங்கும்வரை விடமாட்டார்கள்.

"டீச்சரா இருக்கீகளா?"

"இல்லைங்க."

"அப்ப பேங்க்லயா?"

"இல்லைங்க. கம்பெனி, சங்கம், ஆசுபத்திரி, எதுவா இருந்தாலும் அடுத்து எங்குட்டுப் போகணும்னு திட்டம் போட உதவி பண்றேன். போற வழியில மாற்றம் வந்தா தடுமாறாமப் பாத்துக்கிறேன்."

கேட்டவர் அவளை இரக்கத்தோடு பார்ப்பார். "அப்ப வீட்டுலதான் இருக்கீக."

இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், ஒருநாள் அவள் கணவன் ஜோசப் ராஜ் குறுக்கே புகுந்தான். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார் அவன். சுருக்கமாகச் சொல்லிப் பழகியவன். "அடுத்தவுக ஆபீசுக்குப் போயி பஞ்சாயத்துப் பண்ணி வைக்கிறாங்க" என்றான். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் சட்டென்று விளங்கிவிட்டது. அன்று முழுக்க யூஜினியா அவனோடு பேசவில்லை. அந்தப் பேச்சைக் காதில் வாங்கிய யாரோ சொல்லித்தான் அவளுக்கு இந்த ஊரில் முதல் வாடிக்கையாளர் கிடைத்தார் என்பது பிறகு தெரிந்தபோது கோபம் இன்னும் கூடியது.

அந்த வாடிக்கையாளர் பெயர் முத்துக்கருப்பன். குன்றக்குடி மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் 'கண்மாய்க்கரை உழவர் உற்பத்தியாளர் கம்பெனி' என்று ஒன்று இருந்தது. சுற்றுப்பட்டுக் கிராமங்களின் கடலை விவசாயிகள் சேர்ந்து ஆரம்பித்தது. கடலையை வாங்கி, செக்கில் ஆட்டி, எண்ணெயாக விற்கிறார்கள். ஆரம்பித்த நாளிலிருந்து அதற்கு முத்துக்கருப்பன்தான் சேர்மன். சட்டைப்பையில் இருக்கிற போன் அடித்தால் யார் என்று பார்க்காமல் எடுப்பார். லாரி வரவில்லை என்பார்கள், மழை வரும்போல இருக்கிறது என்பார்கள், பேத்திக்குக் காதுகுத்து என்பார்கள். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும்.

யூஜினியா முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி துர்காதேவி பணியாரத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டே போனாள். சேர்மன் கம்பெனியின் கதையைக் கடலை விதைத்ததிலிருந்து தொடங்கினார். கதை எண்ணெய்க்கு வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. கடைசியில், "கொஞ்சம் மோர் கொண்டாத்தா" என்று மனைவியை உள்ளே அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அஞ்சு வருசத் திட்டம் போடணும்னு உங்களைக் கூப்பிட்டேன்ல? அது சாக்கும்மா. நான் வெலகணும்."

"வெலகிரலாமே ஐயா."

"அது எப்படி முடியும்? மக கோயம்புத்தூர்ல இருக்கா. பேரப்புள்ளைகளோட நாலு நாள் இருப்போம்னு போனா, போன மறுநாளே வேல்பாண்டி போன் போடுறான். 'மாமா, செக்குல பெல்ட் அந்துபோச்சு, என்ன செய்ய?'ங்கிறான். பெல்ட் அந்தா பெல்ட்டை மாத்தணும். அதுக்கு நான் வரணுமா?"

"அதை அவுககிட்டயே சொல்லலாமே?"

"சொன்னா அழுதுருவாக." சேர்மனின் குரலே லேசாகத் தழுதழுத்தது. "பொன்னழகு இருக்கே, துணைத் தலைவர், அது ஒடைஞ்சே போயிரும். வேல்பாண்டி செக்கை நிறுத்திப்புட்டு வந்து கால்ல விழுந்துருவான். பச்சப்புள்ளைக மாதிரிம்மா. அதனால நீங்க ஒரு உதவி செய்யணும். திட்டம் போடையில, புதுத் தலைமை வேணும்னு அது தானா வர்ற மாதிரி போட்டுருங்க. அவுக அழுவாக. நான் மனசைத் தேத்திக்கிட்டு ஒத்துக்கிறேன்."

துர்காதேவி மோரோடு வந்ததும் அவர் உர விலை பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

மறுநாளிலிருந்து யூஜினியா இயக்குநர்களை ஒவ்வொருவராகச் சந்தித்தாள். அவள் தொழிலில் அது வழக்கம். கம்பெனி என்பது ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போது ஒன்று பேசும், தனித்தனியாகப் பிரித்தால் வேறு பேசும் என்பது அவளுக்குத் தெரியும்.

எண்ணெய் வாடை ஊறிப்போன சின்ன அலுவலக அறையில் முதலில் பொன்னழகு வந்து உட்கார்ந்தாள். ஐம்பதைத் தொட்ட பெண். கூந்தலை இறுக்கி முடிந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, சண்டைக்கு வந்தவள் போலவே எப்போதும் உட்காருவாள்.

"அண்ணன் இல்லைன்னா இந்தக் கம்பெனியே இல்ல" என்று ஆரம்பித்தாள். அந்த ஆரம்பம் கொஞ்ச நேரம் நீடித்தது. பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "மேடம், ஒண்ணு சொல்லட்டா? வெளிய போகக்கூடாது."

"போகாது."

"அண்ணனைக் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கிறச் சொல்லுங்க. மதுரைக் கடைக்காரவுக சின்னப் பாட்டில்ல கேக்குறாக. அண்ணன் எண்ணெய்னா டின்லதான் இருக்கணும்ங்கிறாரு. கூட்டத்துல வாயத் தொறக்கலாம்னா, அவுக பேசி முடிக்கையில சாப்பாடு வந்துருது. ஆனா மேடம், அவுக மனசு நோகக்கூடாது. நாங்க சொன்னோம்னு தெரியவே கூடாது. நீங்களா சொல்ற மாதிரி சொல்லுங்க."

அடுத்து வேல்பாண்டி. செக்கைக் கவனித்துக்கொள்கிற இளம் இயக்குநர். சேர்மனுக்குத் தூரத்துச் சொந்தம்.

"மாமாவைப் பத்தி நான் ஒரு குறை சொல்ல மாட்டேன்" என்றான். அவள் காத்திருந்தாள். "பெல்ட் அந்தா மாத்த எனக்குத் தெரியாதாக்கா? மாத்துனா, 'என்கிட்டக் கேக்காம எப்படி மாத்துன'ம்பாரு. அதான் கோயம்புத்தூருக்குப் போன் போடுறேன்."

மற்ற இயக்குநர்களும் கதவைச் சாத்தினார்கள். வேறு வேறு வார்த்தைகளில் அதையே சொன்னார்கள். அவர் மனசு நோகக்கூடாது என்பதை மட்டும் எல்லோரும் ஒரே வார்த்தையில் சொன்னார்கள்.

யூஜினியாவுக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருஷத் தொழிலில் இப்படியொரு சுகமான வேலை வாய்த்ததே இல்லை. சென்னையில் ஒருவரை நாற்காலியிலிருந்து எழுப்ப அவள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறாள். இங்கே இறங்குகிறவருக்கும் இறங்க ஆசை, இறக்குகிறவர்களுக்கும் இறக்க ஆசை. நடுவில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அன்று சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கணவனிடம், பெயர் எதையும் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னாள். பெயரைச் சொல்லாவிட்டால் காரைக்குடியில் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்று நம்புகிற ஒரே ஆள் அவள்தான்.

"கயிறு இழுக்குற போட்டியில ரெண்டு பக்கமும் ஒரே பக்கமா இழுத்தா என்ன ஆகும் தெரியுமா யூஜி?" என்றான் ஜோசப் ராஜ்.

"சீக்கிரம் நகரும்."

"எல்லாரும் மல்லாக்க விழுவாக."

"இது மனுசங்க விஷயம். உங்க பிசிக்ஸைக் கொண்டாராதீக" என்றாள் அவள்.

திட்டமிடும் கூட்டத்தை அலுவலகத்துக்கு வெளியே வைக்க வேண்டும் என்று யூஜினியா சொல்லியிருந்தாள். இடம் மாறினால் பேச்சும் மாறும் என்பது அவள் நம்பிக்கை. ஒரு மரநிழல், சின்னக் கூடம், அவ்வளவுதான் அவள் மனசில் இருந்தது. சேர்மன் திருக்கோஷ்டியூர் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தையே பிடித்துவிட்டார். வாசலில் ஆளுயர ஃபிளக்ஸ். 'மாற்றத்தை நோக்கி' என்று எழுதி, கீழே முத்துக்கருப்பன் கைகூப்பி நின்றார். மூலையில் பாஸ்போர்ட் அளவில் யூஜினியாவின் படம். அவள் பெயரை 'யூகினியா' என்று அடித்திருந்தார்கள். உள்ளே மணமக்கள் உட்காருகிற மேடையில் அந்த இரட்டைச் சிம்மாசனத்தைப் போட்டு, ஒன்றில் சேர்மனும் மற்றதில் அவளும் உட்கார வேண்டும் என்றார்கள். அவள் கெஞ்சிக் கூத்தாடி எல்லோரையும் கீழே வட்டமாக உட்காரவைப்பதற்குள் காபி இரண்டு தரம் வந்துவிட்டது.

வண்ண வண்ணத் தாள்களைக் கொடுத்து, கம்பெனி அஞ்சு வருஷத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று அவரவர் விருப்பத்தைச் சொல்லச் சொன்னாள்.

"சேர்மன் என்ன நெனைக்கிறாகளோ அதுதான்" என்றார் ஓர் இயக்குநர்.

"அண்ணன் சொல்லட்டும்" என்றாள் பொன்னழகு.

"மாமா சொன்னாச் சரி" என்றான் வேல்பாண்டி.

சேர்மன் பெருமையோடு யூஜினியாவைப் பார்த்தார். நான் சொல்லவில்லையா, பச்சைப்பிள்ளைகள் என்று அந்தப் பார்வை சொன்னது. பிறகு இமையை லேசாக மூடித் திறந்து அனுமதி கொடுத்தார்.

யூஜினியா எழுந்தாள். கம்பெனி வளர்ந்திருக்கிறது, சந்தை மாறியிருக்கிறது, வளர்கிற எந்த அமைப்பும் ஒரு கட்டத்தில் பொறுப்பை அடுத்த கைக்கு மாற்றத்தான் வேண்டும் என்று மெல்ல மெல்ல வந்து, "இந்தத் திட்டத்துல முதல் வேலையா புதுத் தலைமையைப் பத்தி யோசிக்கலாம்னு நெனைக்கிறேன்" என்று முடித்தாள்.

முத்துக்கருப்பன் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். அழுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்லும்போது அவருக்கும் கண் கலங்கிவிடும் அல்லவா.

யாரும் அழவில்லை.

"நல்ல யோசனை" என்றான் வேல்பாண்டி.

"நல்லாத்தான் இருக்கு" என்று இன்னொருவர் சொன்னார். "தை பொறந்ததும் வச்சுக்கலாம். அண்ணனுக்கு ஒரு பாராட்டு விழாவும் வச்சுருவோம்."

"குன்றக்குடி மண்டபத்துல வைக்கலாம். அங்க பார்க்கிங் நல்லாருக்கும்" என்றார் மூன்றாமவர்.

பொன்னழகு மட்டும் சேர்மனின் முகத்தைப் பார்த்தாள். அவர் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டில் முத்துக்கருப்பன் பாயசத்தைத் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யூஜினியாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காரியம் நினைத்ததைவிட நன்றாக முடிந்த மகிழ்ச்சியும் இருந்தது. இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் மனிதர்கள் வாயை மூடிக்கொள்வது நல்லது. அவள் மூடவில்லை.

"கவலையே படாதீக ஐயா. நீங்க பயந்த மாதிரி யாரும் ஒடைஞ்சு போகலை. சொல்லப்போனா அவுகளும் ரொம்ப நாளா இதைத்தான் நெனைச்சுக்கிட்டு இருந்திருக்காக."

சேர்மன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "ரொம்ப நாளாவா?"

அந்தக் கேள்வி காதில் விழுந்த பிறகுதான் யூஜினியாவுக்கு உறைத்தது. வெளியே போகாது என்று அவள் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் கொடுத்த வாக்கு, ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் வெளியே போய்விட்டது. "இல்லைங்கய்யா, நான் சொல்ல வந்தது..." என்று இழுத்தாள். அவர் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் கூடியதும் முத்துக்கருப்பன் நேராக மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தார்.

"மேடம் சொன்னதை நல்லா யோசிச்சுப் பாத்தேன். கம்பெனி இருக்குற நெலைமையில தலைமையை மாத்துறது சரியா வராது. அதனால, எனக்கு முடியலைன்னாலும், இன்னும் அஞ்சு வருசத்துக்கு இந்தப் பாரத்தை நானே சொமக்கிறதுன்னு முடிவு பண்ணியிருக்கேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். பழக்கதோஷம். தட்டி முடித்த பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் பொன்னழகு யூஜினியாவின் வீட்டுக்கே வந்துவிட்டாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"என்ன மேடம் சொன்னீக அண்ணன்கிட்ட?"

யூஜினியா மழுப்பிப் பார்க்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி ஒப்பித்தாள். "தப்பு என் மேலதான்க்கா. சொல்லியிருக்கக் கூடாது."

பொன்னழகு திட்டத்தான் வந்திருந்தாள். தப்பு என்று முதலிலேயே ஒப்புக்கொண்டவளை எப்படித் திட்டுவது என்று தெரியாமல் கொஞ்சம் திணறினாள். "நேத்து ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல" என்றாள் கடைசியில். "அஞ்சு வருசம் போறது பெருசில்ல. அண்ணன் எங்களை நன்றிகெட்டவுகன்னு நெனைச்சுக்கிட்டாரே. அதுதான் தாங்கல."

அவள் போனதும் யூஜினியா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சேர்மன் வீட்டுக்குப் போனாள். துர்காதேவி வாசலிலேயே எதிர்ப்பட்டாள்.

"அவுக இல்லைம்மா. இல்லைன்னு சொல்லச் சொன்னாக" என்றாள். உள்ளே யாரோ இருமினார்கள். "வாங்க, அங்குட்டுப் போயி பேசுவோம்."

மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிப்போய், யூஜினியா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் துர்காதேவி சிரித்தாள். வெகு காலமாகச் சிரிக்காமல் சேர்த்துவைத்த சிரிப்பு போல இருந்தது.

"ஏம்மா, நீங்க இந்தப் பக்கத்து ஆளுதானே?"

"சருகணிதாங்க."

"அப்ப உங்களுக்குச் சொல்லணுமா? பந்தியில ஒருத்தர் இலையில கையை மறிச்சுப் போதும்ங்கிறாரு. விட்டுட்டுப் போயிருவமா? இன்னும் கொஞ்சம் வச்சுக்கோங்கன்னு கேக்க வேணாமா? அவருக்கு வயிறு நெறைஞ்சுதான் இருக்கு. ஆனா கேக்காம அடுத்த இலைக்குப் போயிட்டா, அந்த வீட்டுல சாப்பிட்டதே அவமானமாப் போயிரும். இவுகளுக்கு வயிறு நெறைஞ்சு ரொம்ப நாளாச்சு. கோயம்புத்தூருக்குப் போறதுக்குப் பையெல்லாம் எடுத்து வச்சிருக்காக. ஆனா ஒரு ஆளாவது 'இருங்க'ன்னு கேக்கணும்ல?"

மாற்றத்துக்கு மனிதர்களைத் தயார் செய்வது பற்றி யூஜினியா எத்தனையோ கூட்டங்களில் வகுப்பெடுத்திருக்கிறாள். படம் போட்டு, அம்புக்குறி போட்டு, நிலை ஒன்று, நிலை இரண்டு என்று பிரித்திருக்கிறாள். இருங்கள் என்று கேட்கிற நிலை ஒன்று அதில் எங்கேயும் இல்லை.

அன்று சாயங்காலமே இயக்குநர்களைக் கூட்டிவைத்துச் சொன்னாள். எல்லோரும் சேர்ந்து சேர்மன் வீட்டுக்குப் போக வேண்டும். நீங்கள் இல்லாமல் முடியாது, இருங்கள் என்று கேட்க வேண்டும்.

"கேட்டா இருந்துட்டாருன்னா?" என்றான் வேல்பாண்டி.

எல்லோரும் யூஜினியாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பொன்னழகைப் பார்த்தாள்.

"நீங்க வேற! அஞ்சு வருசம் பத்து வருசமாயிரும்" என்றார் ஒருவர். மரியாதைக்கு ஒரு தரம் மட்டும் கேட்கலாம் என்றார் இன்னொருவர். ஒரு தரத்தோடு நிறுத்தினால் ஒப்புக்குக் கேட்டோம் என்று தெரிந்துவிடும், இரண்டாம் தரம் கேட்டால் சரி என்று சொல்லிவிடும் அபாயம் அதிகம் என்று வேல்பாண்டி கணித்தான். கேட்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, கொஞ்சமாக வருந்தினால் போதுமா, பலமாக வருந்தினால் ஆபத்தா என்று பேச்சு நீண்டது. யூஜினியா கவனித்துக்கொண்டே இருந்தாள். இந்த இயக்குநர்கள் ஒருவரையொருவர் மறுத்துப் பேசி அவள் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள்.

"போதும்" என்று பொன்னழகு எழுந்தாள். "நான் கேக்குறேன். வாரது வரட்டும்."

மறுநாள் காலை அவர்கள் போனபோது முத்துக்கருப்பன் கூடத்தில் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "வாங்க" என்றார், பேப்பரிடம். துர்காதேவி எல்லோருக்கும் பாயை விரித்துப் போட்டாள். யூஜினியா சுவரோரமாக ஒதுங்கி உட்கார்ந்தாள். இன்றைக்கு வாயே திறப்பதில்லை என்று அவள் வீட்டிலேயே முடிவு செய்து வந்திருந்தாள்.

"அண்ணே" என்றாள் பொன்னழகு. "நீங்க எங்களை விட்டுப் போகக்கூடாது. நீங்க இல்லைன்னா..."

அவ்வளவுதான் வந்தது. வழியெல்லாம் சொல்லிப்பார்த்துக்கொண்டு வந்த மீதி வார்த்தைகள் வரவில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பொய் வர மாட்டேங்குதுண்ணே. இருங்கன்னு கேக்கத்தான் வந்தோம். ஆனா எனக்கு வேற ஒண்ணு சொல்லணும். என்னை முதமுதல்ல டைரக்டராப் போடும்போது என் கொழுந்தமாருக வேணாம்னு நின்னாக. பொம்பளை எதுக்குக் கூட்டத்துக்குப் போகணும்னாக. ஞாபகம் இருக்கா?"

பேப்பர் கொஞ்சம் இறங்கியது.

"நீங்கதான் எங்க வீட்டு வாசல்ல வந்து உக்காந்தீக. சாப்பிடக்கூட எந்திரிக்கல. 'இந்தப் பொம்பளைக்குப் பேசத் தெரியும்டா, பேச விடுங்கடா'ன்னு சொன்னீக. அவுக சரின்னு சொல்ற வரைக்கும் நகரல. நான் இன்னைக்கு நாலு பேருக்கு முன்னாடி நிமிந்து நடக்குறேன்னா அது உங்களாலதான்." அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "அதுக்கப்புறம் ஒரு கூட்டத்துலகூட என்னைப் பேச விடலையேண்ணே நீங்க!"

துர்காதேவி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். வேல்பாண்டி பாயில் ஏதோ நூலைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டான். முத்துக்கருப்பன் பேப்பரை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார்.

"இத்தனை வருசமா இதை ஏன் சொல்லல?" என்றார்.

"நீங்க பேசிக்கிட்டு இருந்தீக மாமா" என்றான் வேல்பாண்டி, தலையை நிமிர்த்தாமல்.

முத்துக்கருப்பனின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பொன்னழகு பதறி எழப்போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்போடு சிரிப்பாகக் கண்ணிலும் தண்ணீர் வந்தது. இத்தனை பேருக்கு முன்னால் எது எது என்று பிரித்துக்காட்ட அவருக்கும் மனமில்லை.

"அட கழுதைகளா" என்றார் மெதுவாக. "நான் போனா அழுவீகளேன்னு வருசக்கணக்காப் பயந்துக்கிட்டு இருந்தேன். மண்டபத்துல பார்க்கிங் நல்லாருக்குமானு பேசுறீக."

"அது நான் இல்லண்ணே" என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி. வந்த வேலையைச் செய்யுங்க. இருக்கச் சொல்லத்தானே வந்தீக? ஒரு தரம் கேளுங்க."

இயக்குநர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பொன்னழகு ஆரம்பிக்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். "இருங்கண்ணே. நீங்க போகக்கூடாது." இந்தத் தடவை அதில் நடிப்பு இல்லை. வேல்பாண்டிக்கு நிஜமாகவே குரல் உடைந்தது. சேர்மன் இருந்துவிட்டால்கூடப் பரவாயில்லை என்று அந்த ஒரு நிமிஷம் அவனுக்குத் தோன்றியிருக்கும்.

முத்துக்கருப்பன் கையை நீட்டி, இலையை மறிப்பது போல மறித்தார்.

"போதும்ப்பா. வயிறு நெறைஞ்சுருச்சு."

துர்காதேவி உள்ளே போய்க் காபி டம்ளர்களைக் கழுவுகிற சத்தம் அதிகமாகவே கேட்டது.

தை பிறந்ததும் பொதுக்குழு கூடியது. இயக்குநர்கள் பொன்னழகைச் சேர்மனாகத் தேர்ந்தெடுத்தார்கள். முத்துக்கருப்பன் விடைபெற்றுப் பேசினார். சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசினார். ஒருவரும் குறை சொல்லவில்லை. கூட்டம் முழுக்க அழுததில் அவருக்குப் பரம திருப்தி.

பொன்னழகு தலைமையில் முதல் இயக்குநர் கூட்டத்துக்கு யூஜினியாவையும் கூப்பிட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, தான் தேவைப்படவில்லை என்று தெரிந்ததும் வெளியே வந்தாள். வாசல் வேப்பமரத்தடியில் முத்துக்கருப்பன் வண்டியை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார். பழைய சேர்மன் சும்மா இந்தப் பக்கமாகப் போனாராம்.

உள்ளே கூச்சல் காதைப் பிளந்தது. சின்னப் பாட்டிலுக்குக் கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று சண்டை. பொன்னழகு கண்ணாடி என்கிறாள். வேல்பாண்டி லாரியில் உடைந்தால் யார் பதில் சொல்வது என்கிறான். அறிவிருக்கிறதா என்று யாரோ யாரையோ கேட்டார்கள்.

"என்னம்மா இது, இப்படி அடிச்சுக்கிறாக?" முத்துக்கருப்பன் முகத்தில் கலவரம். "நான் இருந்தவரைக்கும் ஒரு சத்தம் கேட்டிருக்கா?"

"இல்லைங்கய்யா" என்றாள் யூஜினியா. "ஒரு சத்தமும் கேட்டதில்ல."

அவர் அதை யோசித்தார். கால் தானாகப் படியேறியது. கதவுப்பிடியில் கையை வைத்தார். யூஜினியா தடுக்கவில்லை. உள்ளே வேல்பாண்டி, "அக்கா, நீங்க சொல்றது தப்பு, தப்பு, தப்பு!" என்று மேசையைத் தட்டினான். "சரிடா, எப்படித் தப்புன்னு சொல்லு, கேக்குறேன்" என்றாள் பொன்னழகு. அவள் குரலில் சிரிப்பு இருந்தது.

முத்துக்கருப்பன் அந்தக் குரலைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படியிறங்கி வந்தார்.

"பிளாஸ்டிக்குதான் நல்லது" என்றார் ரகசியமாக. "ஆனா நான் சொல்லல."

வண்டியைக் கிளப்பினார். துர்காதேவி பஸ் ஸ்டாண்டில் பைகளோடு காத்திருக்கிறாளாம். கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு நேரமாயிற்றாம். சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் முதல் தடவையாக அதை எடுத்து யார் என்று பார்த்தார், மறுபடி பையிலேயே போட்டுக்கொண்டு போனார்.